நான்கு டப்பா எச்சில்

நடந்தது இதுதான்:

1. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி விடுதியில் காசநோய் முகாம் நடத்தினோம்.
2. விடாமல் இருமிய நான்கு பெண்களிடம், காலையில் சளி எடுத்துத் தரச் சொல்லி டப்பாக்களைக் கொடுத்தேன்.
3. மறுநாள் விடுதி மேலாளரே அவற்றை எங்கள் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்.
4. நான்கிலும் வெற்றிலைச் சிவப்பு.

மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, வாய் நிறைய வெற்றிலை. பேசுவதற்கு முன் மேலாளர் அதைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார்.

“ஏனுங்க, அந்தப் பொண்ணுங்க வெத்தலை போடுவாங்களா?” என்றேன்.

கூச்சமே இல்லாமல் சிரித்தார். “நாந்தானுங்க மேடம் துப்புனேன். சரக்கு வாங்குற வெளிநாட்டு பையர் வர்ற நேரமுங்க. ஒருத்திக்கு நோய் இருக்குதுன்னா மத்தவளுக மூட்டையக் கட்டிருவாளுக. எனக்கு ஒண்ணும் இல்லீங்க, சுத்தமான எச்சில்.”

தினமும் சளியோடுதான் என் வேலை. ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. அன்று நான்கு டப்பாக்களையும் கழிவுத் தொட்டியில் வீசினேன்.

புது டப்பாக்களோடு உடனே விடுதிக்குப் போனோம். மூன்று பெண்கள்தான் இருந்தார்கள். அதிகமாக இருமிய நான்காவது பெண்ணை, முகாம் முடிந்த மாலையே மேலாளர் தென்காசிக்குப் பஸ் ஏற்றிவிட்டிருந்தார்.

“அவ ஊட்டுக்குப் போனா அம்மா நல்லாப் பாத்துக்குவாங்கல்லங்க” என்றார். எங்களுக்கு டீ வரவழைத்தார். நான் குடிக்கவில்லை. அந்தக் கரிசனம் நடிப்பா, உண்மையா என்று இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

பரிசோதித்ததில் மூன்று பெண்களுக்கும் நோய் இல்லை. நான்காவது பெண்ணின் கைபேசி அணைந்தே இருக்கிறது. அவள் ஊர் சுகாதார நிலையத்துக்குத் தகவல் சொல்லியிருக்கிறோம். அவள் இன்னும் அங்கே வரவில்லை.