பின்லாந்தில் பக்கத்து வீடு

சென்னியப்பனுக்குப் பெருந்துறையில் லேத் பட்டறை. மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது அவர் விசாரித்ததெல்லாம் பையனின் பக்கத்து வீடுகளில்தான். பின்லாந்துச் சுற்றுலாவில் நாமே ஓட்டும் பனிவண்டியில் நான்கு நாள் பயணம், வழியில் மூன்று விடுதிகள் என்று ஏஜென்ட் சொன்னதும் அதையேதான் செய்தார். முதல் விடுதியைப் பற்றி இரண்டாவதிடமும், இரண்டாவதைப் பற்றி மூன்றாவதிடமும் போனில் கேட்டார். எல்லோரும் நல்லபடியாகவே சொன்னார்கள். அதுதான் அவரை உறுத்தியது.

"பேசி வெச்சுட்டுச் சொல்றாங்க அம்மணி, வேண்டாம்" என்றார் மனைவி மரகதத்திடம்.

மறுநாள் பக்கத்துப் பட்டறை சசிதர் வந்தார். அவசரத்துக்கென்று சுற்றுலா விண்ணப்பத்தில் சென்னியப்பன் எழுதிக் கொடுத்திருந்தது அவருடைய நம்பர்.

"ஏனுங்ணா, பின்லாந்து விடுதியில இருந்து கூப்பிட்டாங்க. நீங்க ஆள் எப்படி, வண்டியப் பதனமா ஓட்டுவீங்களான்னு விசாரிச்சாங்க."

சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பக்கத்துல விசாரிக்கிறாங்களா? அப்ப நல்ல எடந்தான். அம்மணி, கிளம்பலாம்."