எழுபத்தேழு புயலில் நாலாம் வகுப்பு

ஷமீரா இயல்பிலேயே பயந்த சுபாவம். கேஸ் அடுப்பை அணைத்துவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அதிராம்பட்டினம் பஸ் ஸ்டாண்டுக்குப் போவாள். உம்மா ரஹ்மத் பீவி அலுத்துக்கொள்ளாத நாளில்லை. ஆனால் தஞ்சாவூரில் அவள் பார்க்கும் வேலைக்கு இந்தப் புத்திதான் சோறு போட்டது.

புள்ளியியலில் எம்.எஸ்சி. முடித்தவள், மூன்று வருஷமாக ஒரு மருத்துவமனையின் மூளை ஆய்வுப் பிரிவில் இருந்தாள். வளைகுடா வெயிலில் இருபது வருஷம் கட்டட வேலை பார்த்துத் திரும்பியவர்கள் நாற்பது பேர், ஊரைவிட்டுப் போகாதவர்கள் நாற்பது பேர். எல்லோருடைய மூளையையும் ஸ்கேன் எடுத்து, வெயில் எதையாவது தின்றிருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வு. படங்களை ஒப்பிடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டருக்கு ஓர் அட்டவணை தர வேண்டும். டிசைன் மேட்ரிக்ஸ் என்பார்கள். ஆளுக்கு ஒரு வரி. போனவரா போகாதவரா என்பதற்கு ஒரு பத்தி, வயதுக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று. அதைத் தயார் செய்வது ஷமீரா. பேர் வாங்கித் தரும் வேலையில்லை, பழி மட்டும் வாங்கித் தரும்.

பதினேழாவது வரி அவளுடைய வாப்பா லியாகத் அலி. ஆறு மாதமாக அவர் மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துபோகிறார். கேட்டதையே கேட்கிறார். வீட்டில் யாரும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. அதனால்தான் முதல் முடிவு வந்த அன்று, இரு சாராருக்கும் வித்தியாசமே இல்லை என்று பார்த்ததும், அவள் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வெயில் எதையும் தின்னவில்லை. வாப்பாவுக்கு இது சாதாரண மறதிதான். அல்ஹம்துலில்லாஹ்.

வெள்ளிக்கிழமை கட்டுரையை அனுப்புவதாக இருந்தது. புதன்கிழமை கடைசி முறையாக வரிகளைச் சரிபார்த்தாள். பதினேழு, வாப்பா, வயது 61. ஐம்பத்திரண்டு, ஊரைவிட்டுப் போகாத ஜவுளிக்கடை அப்துல் ஹமீது மாமா, வயது 56. கை அப்படியே நின்றது. ஸ்கேன் எடுக்க இருவரையும் ஒரே காரில் கூட்டி வந்தவள் அவள்தான். எழுபத்தேழாம் வருஷப் புயலில் பள்ளிக்கூட ஓடு பறந்ததையும், நாலாம் வகுப்பில் ஒரே பெஞ்சுக்கு அடியில் இருவரும் ஒளிந்ததையும் வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள். ஒரே பெஞ்சுக்காரர்களுக்கு நடுவே ஐந்து வயது எப்படி வந்தது?

வீட்டுக்குப் போன் போட்டாள்.

"வாப்பா, உங்க நெசமான வயசு என்ன?"

"அதுவா? பதினெட்டு வயசுப் பயலுக்கு விசா கெடைக்காதுன்னு ஏஜென்ட் பாஸ்போர்ட்ல அஞ்சு வருஷம் கூட்டிப் போட்டான். அதுவே ஆதார்லயும் வந்துருச்சு. நம்ம தெருவுல பாதிப் பேருக்கு அப்படித்தான். ஏம்மா, எதுவும் பிரச்சனையா?"

"இல்ல வாப்பா."

பிரச்சனைதான். வயதானால் எல்லோருக்கும் மூளை கொஞ்சம் சுருங்கும். அதைக் கழித்துவிட்டு மிச்சத்தைப் பார்ப்பதுதான் கணக்கு, சாக்கின் எடையைக் கழித்து நெல்லின் எடையைப் பார்ப்பது மாதிரி. சாக்கின் எடையைக் கூட்டி எழுதினால் நெல் குறையும். போனவர்களுக்கு மட்டும் வயது கூடியிருந்தால், வெயில் தின்றது முழுவதும் வயதின் தலையில் ஏறி, வித்தியாசம் காணாமல் போயிருக்கும். அவள் அழுது நன்றி சொன்னது அந்தக் காணாமல் போனதற்கா?

பேசாமல் இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆதாரில் உள்ளதைத்தானே போட்டாள், யார் குறை சொல்ல முடியும்? மத்தியானச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அரை மணி நேரம் இந்த நியாயத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடாது. எழுந்து டாக்டர் மதிவாணன் அறைக்குப் போனாள். ஆய்வுக்குத் தலைவர் அவர்.

அவர் கேட்டு முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "எல்லாரையும் கேட்டுருங்க ஷமீரா. ரெண்டு சைடுக்கும் ஒரே கேள்வி கேளுங்க. வயசு பூரா எழுதி முடிச்சு என்கிட்ட குடுத்தப்பறம்தான் ரிசல்ட்டத் தொறக்கணும்."

"சார், எங்க வாப்பாவும் அதுல இருக்காங்க."

"தெரியும்மா," என்றார். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

எட்டு நாள் போன் பண்ணினாள். வயது என்னவென்று யாரிடமும் கேட்கவில்லை. புயலடித்தபோது எந்த வகுப்பு என்று கேட்டாள். முன்பு வயதைத் தப்பாகக் கொடுத்திருந்தவர்களெல்லாம் வகுப்பைச் சரியாகச் சொன்னார்கள், டீச்சர் பேரோடு. போனவர்கள் நாற்பது பேரில் இருபத்தாறு பேருக்கு ஏஜென்ட் மூன்று முதல் ஆறு வருஷம் வரை தாராளமாக அள்ளிப் போட்டிருந்தான். போகாதவர்களில் இரண்டே பேருக்கு ஒரு வருஷம் முன்பின்.

புதிய வயதுகளைப் போட்டு ஓட்டியபோது டாக்டர் பக்கத்தில் நின்றார். கேட்கிற பெயர், நேற்றைய பேச்சு, போட்ட மோட்டார், இதையெல்லாம் வைத்திருக்கும் இடத்தில், காதுக்கு உள்ளே இரண்டு பக்கமும், வித்தியாசத்தைக் காட்டும் நிறம் திரையில் தெரிந்தது. போனவர்களுக்கு அந்த இடம் இளைத்திருந்தது. இது நாற்பது பேரின் சராசரி, ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்லாது என்று அவளே பத்துப் பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறாள். அந்தப் பாடம் அன்று அவளுக்கு உதவவில்லை.

சாயங்காலம் வீட்டில் வாப்பா வாசல் நாற்காலியில் இருந்தார்.

"என்னம்மா, எனக்கு அம்பத்தாறுதான்னு உங்க கம்ப்யூட்டரு ஒத்துக்கிச்சா?"

"ஒத்துக்கிச்சு வாப்பா."

அவருக்கு வந்த சந்தோஷத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே திரும்பி, "ரஹ்மத்து, கேட்டியா? எனக்கு அஞ்சு வயசு கொறஞ்சு போச்சு," என்றார். உம்மா, "பொண்ணு பாக்கட்டுமா?" என்று கேட்டாள். ஷமீராவும் சிரித்தாள். செருப்பைக் கழற்றி, பையை மாட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போனாள்.

டம்ளரோடு வெளியே வந்தபோது வாப்பா அவளை அண்ணாந்து பார்த்தார்.

"வந்துட்டியாம்மா? என் வயசு என்னாச்சு, கம்ப்யூட்டரு ஒத்துக்கிச்சா?"