மேப்பம்மா வைத்த சிவப்புப் புள்ளி

மேப்பம்மா, ஒரு நாளும் உங்களை நான் வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. முந்தாநாள் காலை கொல்லைக்காட்டில் களை வெட்டிக்கொண்டிருந்தபோது உங்கள் ஜீப் டிரைவர் போன் செய்தார். "மேடம் போயிட்டாங்கக்கா. நெஞ்சு வலி. உடையார்பாளையத்துக்கு, அவங்க வூட்டுக்குக் கொண்டு போறோம்" என்றார். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெரம்பலூர்க் காட்டு மான்கள் போய்வரும் இடங்களை வரைபடமாக, எங்கள் பேச்சில் மேப்பு, போட வந்தவர் நீங்கள். கோடையில் அவை தண்ணீருக்கு எந்த வழியில் வெளியே வருகின்றன என்பதை, வானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்துக் கண்டுபிடிப்பீர்கள்.

முதல் நாள் ட்ரோன் படத்தோடு என் கொல்லைக்கு வந்தீர்கள்.

"இங்க ஒரு குட்டை இருக்கே அக்கா, எங்க?"

"அது குட்டை இல்லம்மா. மக்காச்சோளத்த மூடியிருக்கற நீலப் படுதா. மான் வந்தா நக்கிட்டுத்தான் போவணும்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். அதன்பிறகு நேரில் போய்ப் பார்க்காமல் எதையும் குறித்ததில்லை. ஜீப்பில் என்னையும் ஏற்றிக்கொள்வீர்கள். உங்கள் ட்ரோன் படத்தில் என் ஊரை மேலேயிருந்து பார்த்தது அப்போதுதான். என் கொல்லை கட்டைவிரல் நகம் அளவு இருந்தது. முதன்முதலில் சினிமா பார்த்த மாதிரி கண்ணெடுக்காமல் பார்த்தேன்.

உங்கள் மேப்பில் தண்ணீர் இருந்தால் நீலப் புள்ளி, மான் செத்த இடம் சிவப்பு. சுவர் இல்லாத என் கிணற்றில் ஒரு சினைமான் விழுந்து செத்திருந்தது. அங்கே சிவப்பு வைத்தீர்கள்.

"எங் கெணத்தப் போயி இப்படி ஆக்கிட்டீங்களேம்மா."

"நீங்க சுவர் எழுப்புங்க. காட்டுக்குள்ள மானுக்குத் தண்ணித் தொட்டி கட்ட நான் ஆளப் புடிக்கிறேன். ஒரு கோடை மான் விழாம இருக்கட்டும், அந்தச் சிவப்ப நானே வந்து மாத்துறேன்."

நான் சுவர் எழுப்பினேன். மான்கள் கிளம்பும் இடத்தைப் படத்தில் காட்டிக் காட்டியே வனத்துறை ஆபீசரைச் சம்மதிக்க வைத்து, அங்கேயே தொட்டி கட்ட வைத்தீர்கள். இந்தக் கோடையில் ஒன்றுகூட விழவில்லை. போன வாரம் போனில் சொன்னபோது என்னைவிட நீங்கள்தான் துள்ளினீர்கள். "ஞாயித்துக்கெழம வரேன், டீ போட்டு வைங்க" என்றீர்கள்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. டிரைவர் தம்பிதான் தொட்டிக்கு அழைத்துப் போனார். தொட்டியைச் சுற்றிலும் சேற்றில் குளம்புத் தடம். பெரிய தடங்களுக்கு நடுவில் என் சுண்டுவிரல் நுனி அளவில் குட்டித் தடங்கள். சந்தோஷத்தில் உங்கள் நம்பரைத் தேடிப் போனை எடுத்துவிட்டேன்.

போய் வாருங்கள் தாயே. ஒன்றே ஒன்று கேட்கிறேன். என் கிணற்றுப் புள்ளிக்கு என்ன நிறம் வைக்கலாம் என்று இருந்தீர்கள்?