செல்ஃப் அடித்தது யார்?

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். பனியன் கம்பெனியில் நாள் முழுக்க நின்றுகொண்டு துணியில் ஓட்டை தேடுகிற வேலை. இருக்கிற ஓட்டையைப் பார்க்கவே கண் போதவில்லை, இல்லாததை எங்கே பார்ப்பது! நீங்கள் சிரித்தாலும் சரி, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நல்லூரில் எங்கள் வீதியில் மெஷின் சத்தமெல்லாம் ஓய்ந்திருந்தது. மறுநாள் காலையில் என் மாமியாருக்கு டயாலிசிஸ். முடித்து வரும்போது அவருக்கு உட்காரத் தெம்பிருக்காது, படுத்துத்தான் வரவேண்டும், ஆட்டோ ஆகாது. வாடகைக் காரில் ஒருமுறை வாந்தி எடுத்ததற்கு அந்த டிரைவர் பேசிய பேச்சில் அவர் சாப்பாட்டையே வெறுத்துவிட்டார். அதனால் தவறிப்போன என் வீட்டுக்காரருடைய பழைய பெட்ரோல் காரை நான்தான் ஓட்டுகிறேன். அதுவோ அன்றைக்குச் செல்ஃப் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆக மாட்டேன் என்கிறது. மெக்கானிக் வெள்ளகோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போய்விட்டார்.

"ஏனம்மிணி, நாளைக்கு வண்டி எடுத்துருமா?" என்று உள்ளே கட்டிலிலிருந்து அத்தை கேட்டார்.

"எடுத்துருமுங்க அத்தை" என்றேன். எனக்கே நம்பிக்கை இல்லை. கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டேன், அப்படி ஓர் அசதி.

பானெட்டைத் தூக்கினேன். காயிலிலிருந்து வரும் தடித்த ஒயரின் முனையில் பச்சையாகக் களிம்பு பிடித்திருந்தது. கழற்றிச் சுரண்டித் துடைத்தேன். இனி அதில் கரண்ட் வருகிறதா என்று பார்க்கவேண்டும். ஒருவர் ஒயரைப் பிளேயரால் பிடித்து இஞ்சினுக்குப் பக்கத்தில் காட்ட, இன்னொருவர் சாவியைத் திருப்பவேண்டும். என் வீட்டுக்காரர் இருந்தவரை எப்போதும் அவர் உள்ளே உட்காருவார், நான் ஒயரைப் பிடிப்பேன். அந்தப் பழக்கத்தில், ஆளில்லை என்பதே மறந்து, "செல்ஃப் அடிங்க" என்று சொல்லிவிட்டேன்.

நம்பினால் நம்புங்கள், அடித்தது. ஒயர் முனையில் பொறி நீலமாகப் பளிச் பளிச்சென்று தெறித்தது. சாவி வண்டியில்தான் இருந்தது, தூக்கிய பானெட் மறைத்ததால் உள்ளே யாரென்று தெரியவில்லை. அத்தைதான் தட்டுத்தடுமாறி வந்துவிட்டார் என்று பதறிப்போய், "ஏனுங்க அத்தை, உங்களை யாரு எந்திரிச்சு வரச் சொன்னது?" என்றேன்.

செல்ஃப் சுற்றிக்கொண்டே இருக்கிறது, வீட்டுக்குள்ளிருந்து குரல் வருகிறது. "நான் ஊட்டுக்குள்ளதானே அம்மிணி படுத்திருக்கறேன்? வண்டீல யாரு?"

"போதுங்க" என்றேன். உடனே நின்றது.

சுற்றி வந்து பார்த்தால் ஆளில்லை. கேட் உள்பக்கம் பூட்டியபடியே இருந்தது. எங்காவது ஷார்ட் ஆகியிருக்கும் என்பீர்கள், நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன், ஆனால் அவர்தான் வந்திருக்கிறார் என்று மனசு அடித்துக்கொண்டது, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒயரை மாட்டிவிட்டு ஸ்டார்ட் செய்யப் போனேன். உட்கார முடியவில்லை. மதியம் நான் உட்கார்ந்து எழுந்த சீட், கடைசி வரை முன்னால் இழுத்து, ஸ்டியரிங்கோடு ஒட்டிக் கிடந்தது. அவர் ஆறடி உயரம். அந்த இடுக்கில் அவருடைய ஒரு காலைக்கூட நுழைக்க முடியாது.

சீட்டைப் பின்னால் தள்ளிச் சாவியைத் திருப்பினேன், ஒரே சுற்றில் எடுத்தது. இன்றும் அதே காரில்தான் ஆஸ்பத்திரிக்குப் போகிறோம், வேறு வழி? தன் மகன்தான் வந்தான் என்று அத்தை நம்புகிறார். சீட் கிடந்த கிடையை நான் அவரிடம் சொல்லவில்லை. திரும்பி வரும்போது பின்னால் படுத்தபடியே என் சீட்டைத் தடவிக்கொடுத்துக்கொண்டு வருவார். முதுகில் அது தெரியும்போதெல்லாம், அத்தையின் கைதானா என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.