நான் கொடுத்த ஈவு

யுத்தகாலத்தில் மைசூரில் அரிசிக்கு ரேஷன். விதவையான என் நாத்தனார் ஒருவேளைதான் சாப்பிடுவாள். மடியாகத் தனியே சமைத்துக்கொள்வாள். அதனால் வீட்டில் ஆளுக்கு இவ்வளவு என்று அரிசியை வகுக்கும்போது அவளை அரை ஆளாக வைத்தேன். பெரிய கணக்குப்புலி என்ற நினைப்பு வேறு.

ஒருநாள் காலையில், கன்னடப் பள்ளிக்கூடத்தில் படித்த என் பெண் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டே அவளிடம், "பாகலப்தத்துக்குத் தமிழ்ல என்ன, அத்தை?" என்று கேட்டாள்.

"ஈவு. ஈன்னா குடு. வகுத்து எல்லாருக்கும் சமமாக் குடுக்கறதுதான் ஈவு."

சொன்னவள் என் பக்கம் திரும்பவே இல்லை. அரிசிப் படியோடு நின்றிருந்த எனக்குத்தான் சுருக்கென்றது. அன்று அவளுக்கு முழுப்பங்கு அளந்தேன்.

பாதியை அவள் திருப்பிக் கொட்டினாள். "இத்தனை வேண்டாம், மன்னி. பசிக்கறதே நின்னுடுத்து."