இருநூற்றுப் பதினான்காம் எண்

நான்காவது முறையும் கணினித் திரையில் சிவப்பு வரிதான் வந்தது. இருநூற்றுப் பதினான்கு ஏற்கெனவே இருக்கிறது. இன்னொன்று ஏற்க முடியாது.

"ஏம்ப்பா, இது என்ன இப்படி அடம் பிடிக்குது?"

ரத்தக் குழாய்களைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்த டெக்னீஷியன் திரும்பவில்லை. "நீங்க போட்ட விதிதானே, ரிஜிஸ்டர் அக்கா. அது சொன்ன பேச்சு கேக்குது, நம்மள மாதிரி இல்ல."

பதினாறு வருடமாக அந்தப் பரிசோதனைக்கூடத்தின் முன்மேசை அவளுடையது. ஆட்களுக்கு எண் கொடுப்பாள். குழாயில் எண் மட்டும் இருக்கும். முடிவு வந்ததும் எண்ணைப் பார்த்துத் தாளில் பெயர் எழுதுவாள். டேட்டாபேஸ் மென்பொருளை அன்று காலை அவளே நிறுவினாள். பாதியில் ஒருமுறை நின்றது. கடவுச்சொல் மறந்து முதலிலிருந்து செய்தாள். பிறகு இரண்டு அட்டவணைகள், ஒன்றில் ஆட்கள், மற்றதில் முடிவுகள். இரண்டையும் சேர்க்கும் முடிச்சு எண்தான். ஓர் எண் ஒருவருக்கு மட்டுமே என்று விதி போட்டு, பழைய ரிஜிஸ்டரை அதில் ஏற்றத் தொடங்கினாள்.

ரிஜிஸ்டரைப் புரட்டினாள். இருநூற்றுப் பதினான்கு, லாரி டிரைவர். அதற்குக் கீழே, இரண்டு வரிகளுக்கு நடுவே இடுக்கி எழுதிய அவளுடைய கையெழுத்து: நாத்தனார்.

நான்கு மாதத்துக்கு முன் நல்ல கூட்டம். "அண்ணி, வெறும் வயித்துல நிக்க முடியல" என்றாள் நாத்தனார். வேண்டியவர்களை இவள் எப்போதும் அப்படித்தான் நுழைப்பாள், முன்னால் நிற்பவரின் எண்ணையே கொடுத்து. இதுவரை சோதனைகள் வேறுவேறாக இருந்ததால் குழப்பம் வந்ததில்லை. அன்று இருவருக்கும் சர்க்கரைச் சோதனை.

இருநூற்றுப் பதினான்கு என்று இரண்டு தாள்கள் வந்தன. ஒன்றில் தொண்ணூறு, மற்றதில் இருநூற்று எண்பத்தாறு. வீட்டு இனிப்பு டப்பாவைக் காலி செய்கிறவள் நாத்தனார்தான். பெரிய அளவு வந்த தாளில் நாத்தனார் பெயரை எழுதினாள். யோசிக்கவே இல்லை.

அந்தத் தாள் டிரைவருடையதாக இருந்திருந்தால்? போனை எடுத்தாள்.

"சொல்லுங்க அண்ணி. மாத்திரை என்னமா கேக்குது தெரியுமா? ஆனா அப்பப்ப கண்ணைக் கட்டுது."

"இன்னைக்கு மாத்திரை போடாதே."

"ஏன், மருந்துக்கடை லீவா?"

நாத்தனாரின் சிரிப்பை இவள் இடைமறித்தாள். "போடாதேம்மா. இப்பவே டாக்டர்கிட்ட போ. நானும் வரேன்." பிறகு டிரைவரின் போன் எண்ணை அழுத்தினாள். மறுநாள் காலை வெறும் வயிற்றோடு வரச் சொன்னாள்.

மறுநாள் எட்டு மணிக்கு டிரைவர் வந்தார். எண் ஆயிரத்து முப்பது. முடிவு முந்நூற்றுப் பதினொன்று. நடந்ததை அவளே சொன்னாள். "நாலு மாசமா இந்தச் சர்க்கரையோட லாரி ஓட்டிட்டு இருக்கேன்மா" என்றார் அவர். நாத்தனாருக்கு ஆயிரத்து முப்பத்தொன்று, முடிவு எண்பத்தெட்டு. மாத்திரையை டாக்டர் முதல்நாளே நிறுத்திவிட்டார். முதலாளி நடந்ததை அவளை எழுதித் தரச் சொன்னார், தந்தாள். மதியம் ரிஜிஸ்டரை முதல் பக்கத்திலிருந்து புரட்டி, வரிகளுக்கு நடுவே இடுக்கி எழுதிய பெயர்களைத் தனித்தாளில் எடுத்தாள். ஐந்து மணிவரை பதினேழு பெயர்கள்.