பொருக்கு விழுந்த கால்

புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சிற்றூரில் தீர்த்தகிரிக்குச் சாமை விளையும் கொல்லையும் சில புளியமரங்களும் இருந்தன. இளவட்டமாக இருந்தபோது கொல்லையில் புதருக்குத் தீ வைக்கப் போய், முழங்காலுக்குக் கீழே வெந்துபோயிருந்தான். பல வருடம் சும்மா கிடந்த அந்தத் தழும்பு, 1978ஆம் வருடம் புளி உலுக்கும் பருவத்தில் வெடித்துப் புண்ணானது. ஆறவே இல்லை. ஓரம் தடித்து, நடுவில் சதை வளர்ந்தது.

மனைவி சாந்தம்மாள் வேப்பெண்ணெய் போட்டுப் பார்த்தாள், மஞ்சள் அரைத்துப் பூசினாள். பிறகு செங்கம் பக்கம் ராஜவேலு என்ற வைத்தியரிடம் அவனைக் கூட்டிப் போனாள்.

"இது புத்துநோய். கத்தி வச்சா பரவிப் பூடும். என் களிம்பு வேரோட எடுத்துரும்" என்றார் அவர். சேங்கொட்டையும் துத்தமும் சேர்ந்த கருப்புக் களிம்பு. புளியைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்று பத்தியமும் சொன்னார்.

களிம்பு சதையைத் தின்றது. தீர்த்தகிரி துண்டைக் கடித்துக்கொண்டு கிடப்பான். சாந்தம்மாள் அவன் காலை மடியில் வைத்து விசிறுவாள். ஒரு நாள் காலையில் புண் முழுவதும் பொருக்காகக் கழன்று விழுந்தது. அடியில் வெளிர்சிவப்பாகப் புதுத்தோல். சாந்தம்மாள் அழுதேவிட்டாள். சாமிக்குச் சேவல் அறுத்தார்கள்.

அதன் பிறகு தீர்த்தகிரி வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டுதான் சந்தைக்குப் போனான். கேட்டவர்களுக்கெல்லாம் காலைக் காட்டினான். அவன் பங்காளி ரங்கனுக்கு உதட்டில் ஆறாத புண். ரங்கன் திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது, "அறுத்துத் தள்ளிடுவாங்கடா, என் காலப் பாரு" என்று வழிமறித்து, தானே வைத்தியரிடம் அழைத்துப் போனான்.

மழைக்காலத்தில் வேட்டி கீழே இறங்கியது. காலைப் பற்றிக் கேட்டால் எரிந்து விழுந்தான். நாற்றத்தை வைத்துத்தான் சாந்தம்மாள் கண்டுபிடித்தாள். பழைய இடத்திலேயே கோழிக்கொண்டை போல் சதை. தொடை இடுக்கில் கல் மாதிரி ஒரு கட்டி.

"இன்னாத்துக்குய்யா மறைச்ச?"

"ரங்கன் என்னை நம்பிப் போயிருக்கானே, மே."

ஜீப்பில் திருப்பத்தூருக்குக் கொண்டுபோனாள். டாக்டர் கட்டியை அழுத்திப் பார்த்துவிட்டு, "சின்னப் புண்ணா இருந்தப்பவே வந்திருந்தா வெட்டி எடுத்திருக்கலாம்மா. களிம்பு மேலாப்புல தின்னுட்டு, உள்ள இருந்ததை விட்டுடுச்சு. இனிமே காலை எடுத்தாலும் நிக்காது" என்றார்.

திரும்பி வந்ததும் தீர்த்தகிரி வீட்டுக்குப் போகவில்லை. மனைவியின் தோளைப் பிடித்து நொண்டிக்கொண்டு ரங்கன் வீட்டுக்குப் போய்க் காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தான்.

"பாத்துக்கோடா. அந்தக் களிம்பை வுட்டுடு. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ."

ரங்கன் குனிந்து புண்ணைப் பார்த்தான். "நீ பத்தியம் தப்பிட்ட அண்ணே" என்றான்.

பண்டிகை நாளில் அவன் ஆசையாய்க் கேட்டான் என்று ஒரே ஒரு கரண்டி புளிக்குழம்பு ஊற்றியவள் சாந்தம்மாள்தான். டாக்டர் சொன்னது காதில் இருந்தும், அந்தக் கரண்டி அவளை விடவில்லை.

மாசியில் தீர்த்தகிரி போய்ச் சேர்ந்தான். புதைக்கிற அன்று ரங்கன் வாயில் துணி கட்டிக்கொண்டு வந்து நின்றான். அவன் பெண்சாதி முத்தம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சாந்தம்மாள் கெஞ்சினாள்: "இப்பவாவது திருப்பத்தூருக்கு இட்டுக்கினு போடி."

முத்தம்மா கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"அங்க போய்ட்டு வந்துந்தானே அக்கா உன் வூட்டுக்காரு போய்ட்டாரு?"